மூன்று காரில் எது என்று கேட்டிருக்கிறீர்கள், எனக்குக் கவலை உங்கள் பழைய கார்தான்

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். வயது நாற்பதை நெருங்குகிறது. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை, சம்பளம் 42,000. மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு அம்மா. இப்போது ஓட்டுவது 2012 மாடல் பெட்ரோல் வேகன் ஆர், ஏர்பேக் இல்லாதது. மாதத்துக்கு 800 கிலோமீட்டர் போல ஓடுகிறது. சேமிப்பு மூன்றரை லட்சம். வேறு கார் மாற்ற வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்ததிலிருந்து ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களாம். மாமனார், மாருதியை விட்டு வெளியே போகாதே என்கிறார், அதற்குத் தோதாக ஒரு புரோக்கர் டெல்லி நம்பரில் 2017 ஸ்விஃப்ட் டீசல் காட்டியிருக்கிறார். கூட வேலை பார்ப்பவர் தன்னுடைய 2018 ஃபோர்டு ஃபிகோ பெட்ரோலைத் தருகிறேன் என்கிறார். அண்ணன் டாடா ரசிகர், லோன் போட்டுப் புது பஞ்ச் எடு, தகடு கெட்டி, உயிருக்கு உத்தரவாதம் என்கிறார். ஸ்விஃப்ட்டுக்கு 20,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: "வேகன் ஆரை மச்சானுக்குக் கொடுத்துவிடுகிறேன், அவர் எப்போதாவது வாடகைக்கும் ஓட்டிக்கொள்வார், ஆர்.சி. என் பேரிலேயே இருக்கட்டும், மெதுவாக மாற்றிக்கொள்ளலாம். டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் எனக்குப் பிரச்சினை இல்லைதானே?"

நீங்கள் நாலு பக்கம் எழுதிய மூன்று கார்களில் எதை எடுத்தாலும் பெரிய நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கடைசி வரியில்தான் உங்கள் சேமிப்பு, சம்பளம், வீடு எல்லாம் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. நான் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிறவன் என்பதால் அதிலிருந்து ஆரம்பிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மச்சானுக்குக் கொடுக்கும் வேகன் ஆர்

மோட்டார் வாகனச் சட்டத்தில் 'உரிமையாளர்' என்றால் யார் பேரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர்தான். சாவி யாரிடம் இருக்கிறது, பணம் யார் கொடுத்தார், வண்டியை ஒப்படைத்ததாக எழுதிக்கொள்ளும் டெலிவரி நோட்டில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் விபத்தில் அடிபட்டவரைப் பொறுத்தவரை இரண்டாம் பட்சம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் ஒருவர் 2007-லேயே காரை விற்றுவிட்டார். கார் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு என்று மாறிக்கொண்டே போனது, ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றில் மட்டும் யாரும் பெயரை மாற்றவில்லை. 2009-ல் விபத்து, ஒரு பையன் இறந்துபோனான், வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. யார் இழப்பீடு கட்டுவது என்று உச்ச நீதிமன்றம் வரை போய், பதிவில் பெயர் இருக்கிற அந்த முதல் ஆள்தான் கட்ட வேண்டும் என்று முடிந்தது. வண்டியை விற்று இரண்டு வருடம் ஆனவர், விபத்து நடந்த இடத்தில் இல்லாதவர்.

உங்கள் விஷயத்தில் வாடகை ஓட்டமும் சேர்ந்துகொள்கிறது. ஒயிட் போர்டு வண்டியை, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை, வாடகைக்கு ஓட்டினால் பெர்மிட் இல்லாமல் ஓட்டிய குற்றம், 10,000 ரூபாய் அபராதம் வரும், வண்டியைப் பிடித்தும் வைப்பார்கள். அதைவிடப் பெரியது இன்ஷூரன்ஸ். சொந்த உபயோகத்துக்கு என்று பாலிசி போட்டுவிட்டு வாடகைக்கு ஓட்டியது தெரிந்தால், நிபந்தனை மீறல் என்று கம்பெனி வாதாடும். இப்படிப்பட்ட வழக்குகளில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பல நேரம் என்ன செய்யும் என்றால், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கம்பெனியைக் கட்டச் சொல்லும், அப்புறம் அந்தப் பணத்தை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள அனுமதி கொடுக்கும். உரிமையாளர் யார்? நீங்கள்.

மச்சான் பக்கமிருந்தும் இதைப் பாருங்கள், வீட்டில் பேசும்போது இதுதான் உதவும். பாலிசியோடு எடுக்கிற 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, லைசென்ஸ் உள்ள பதிவு உரிமையாளருக்கு உரியது. ஆர்.சி. உங்கள் பேரில் இருக்க, மச்சான் ஓட்டிப்போய் அவர் தவறால் அவருக்கே ஏதாவது ஆனால், அந்த 15 லட்சம் அவர் குடும்பத்துக்கு வராது. வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளர் இடத்தில் நிற்கிறார் என்று பார்ப்பதால், தேர்டு பார்ட்டி, அதாவது விபத்தில் பாதிக்கப்பட்ட வெளியாள், என்று சொல்லி இழப்பீடு கேட்பதும் கஷ்டம். ஆக, "பேர் மாத்தச் சொல்றாரு, நம்மளை நம்ப மாட்டேங்கிறாரு" என்று மனைவி வீட்டில் யாராவது வருத்தப்பட்டால், பேர் மாற்றாமல் விட்டால் பாதுகாப்பில்லாமல் போவது அவர்கள் பிள்ளைதான் என்று மனைவியையே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைவிட அவர் சொன்னால் எடுபடும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து போட்டால் வேலை முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்து போட்டுப் பீரோவில் வைத்தால் ஒன்றும் முடியாது, அது ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவாக வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் கொடுப்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்குபவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்னொன்று: வேகன் ஆர் லோன் எப்போதோ முடிந்துவிட்டது என்கிறீர்கள், ஆனால் நீங்கள் அனுப்பிய ஆர்.சி. நகலில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கிறது. கடன் கட்டி முடித்தாலும் அந்தப் பெயர் தானாகப் போகாது. வங்கியிடம் என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) வாங்கி, படிவம் 35 கொடுத்து நீக்கின பிறகுதான் பெயர் மாற்றம் நடக்கும். பழைய என்.ஓ.சி. காலாவதியாகியிருக்கும், புதிதாகக் கேளுங்கள். 2012 வண்டி என்பதால் 2027-ல் பதினைந்து வருடம் முடிகிறது, அப்போது வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. மச்சானிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். வாடகைதான் அவர் பிழைப்பு என்றால் டி-போர்டாக, அதாவது வாடகை வண்டியாக, மாற்றி, அதற்குரிய இன்ஷூரன்ஸ் போட்டு ஓட்டட்டும். இந்த வயது வண்டிக்கு அது கட்டுப்படியாகுமா என்று அவர் கணக்குப் போட்டு முடிவு செய்யட்டும்.

உங்களுக்குச் சேர்ந்திருக்கிற நோ கிளைம் போனஸ் வண்டியோடு போய்விடும் என்று நினைத்திருக்கிறீர்கள். அது வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. கம்பெனியிடம் சான்றிதழ் வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் நீங்கள் எடுக்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். தொடர்ந்து ஐந்து வருடம் கிளைம் இல்லாதவருக்கு சொந்தச் சேதப் பிரீமியத்தில் (உங்கள் காருக்கே ஆகும் சேதத்துக்கான பகுதியில்) 50 சதவீதம் வரை குறையும், சும்மா விட்டுவிடாதீர்கள்.

டெல்லி ஸ்விஃப்ட் ஏன் மலிவு

புரோக்கர் சொன்ன விலையைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம் வரவில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-லும் உச்ச நீதிமன்றம் 2018-லும் டெல்லி வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தன, அப்புறம் அதைச் சுற்றி எத்தனையோ உத்தரவுகள் வந்துவிட்டன. அதனால் அங்கே ஏழெட்டு வயது டீசல் காருக்கு விலை இறங்கிவிடும். தமிழ்நாட்டில் அப்படிப் பத்து வருடக் கணக்கு இல்லை. ஆகவே மலிவாக இருப்பதாலேயே அது கெட்ட வண்டி என்று சொல்ல மாட்டேன், நல்ல வண்டிகள் நிறைய இப்படி இறங்கி வருகின்றன.

ஆனால் "ஒரு வருஷம் டெல்லி நம்பரிலேயே ஓட்டலாம் சார்" என்று அவர் சொன்னது தவறு. அந்த 12 மாதக் கணக்கு, வேலை மாற்றலில் தன் வண்டியோடு இன்னொரு மாநிலத்துக்குப் போகிறவருக்கானது. நீங்கள் அதை விலைக்கு வாங்குகிறீர்கள், வாங்கிய நாளிலிருந்து பெயர் மாற்றக் கடமை உங்களுக்கு வந்துவிடும். டெல்லி ஆர்.டி.ஓ. கொடுத்த என்.ஓ.சி. வேண்டும், அதில் உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. பெயர் இருக்க வேண்டும், இங்கே வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரி கட்ட வேண்டும். அந்த வரி எவ்வளவு என்று புரோக்கரிடம் கேட்காமல் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டு, வண்டி விலையோடு கூட்டிப் பாருங்கள். மலிவு பாதி கரைந்திருக்கும்.

டீசலால் மாதம் ஐந்தாயிரம் மிச்சம் என்று சொல்லியிருக்கிறார். மாதம் 800 கிலோமீட்டருக்கு, பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டரும் டீசல் கார் 20 கிலோமீட்டரும் கொடுக்கிறது என்று வையுங்கள். பெட்ரோல் 50 லிட்டர், டீசல் 40 லிட்டர். இரண்டுக்கும் நம்மூரில் லிட்டருக்குப் பத்து ரூபாய்க்குள்தான் வித்தியாசம். போட்டுப் பார்த்தால் மாதம் ஆயிரத்து நானூறு, அவ்வளவுதான். ஐந்தாயிரம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் நீங்கள் மாதம் மூவாயிரம் கிலோமீட்டருக்கு அருகில் ஓட்ட வேண்டும். பழைய டீசலில் இன்ஜெக்டரோ டர்போவோ ஒரு தடவை வேலை வைத்தால் இரண்டு வருட மிச்சம் போய்விடும். மாருதி 2020-லேயே டீசல் கார்களை நிறுத்திவிட்டது என்பதையும் மாமனாரிடம் சொல்லுங்கள், மாருதி என்பதற்காகத்தானே அவர் இதைச் சொல்கிறார்.

வண்டியோடு இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்ற நிம்மதியும் பாதிதான் சரி. தேர்டு பார்ட்டி பகுதி விற்பனையோடு வாங்கியவருக்கு மாறிவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், அதையும் 14 நாளுக்குள் எழுதிக் கொடுத்துப் பாலிசியில் ஏற்ற வேண்டும். உங்கள் காருக்கே சேதம் ஆனால் கிடைக்கிற பகுதி அப்படித் தானாக மாறாது. பெயர் மாறாத பாலிசியில் நீங்கள் கிளைம் போட்டால், விற்றவருக்கு இனி வண்டியில் உரிமை இல்லை, உங்களோடு ஒப்பந்தம் இல்லை என்று கம்பெனி கைவிரித்துவிடும். ஃபிகோ எடுத்தாலும் இதே கதைதான்.

ஃபிகோவும் அலுவலக நட்பும்

ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, மறைமலைநகர் ஆலை 2022-ல் ஓய்ந்தது. அதனால் ஃபோர்டு காரே தொடக்கூடாது என்று உங்கள் அண்ணன் சொல்வது கொஞ்சம் அதிகம். சர்வீஸும் ஸ்பேரும் நின்றுவிடவில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் ஊருக்குக் கிட்டே சர்வீஸ் எங்கே இருக்கிறது, பம்பர், ஹெட்லைட், கதவு மாதிரி உடம்புப் பாகங்கள் கேட்டால் எத்தனை நாளில் வருகின்றன என்பதைத்தான். சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டு, பாகத்தின் பெயர் சொல்லியே கேளுங்கள். முன்பக்கம் இடித்தால் பாகம் வரும்வரை வண்டி ஷெட்டில் நிற்கும், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அந்த நாட்களில் என்ன வழி என்பதும் கணக்கில் வரட்டும்.

இந்தக் காரின் பெரிய பலம், ஓட்டியவரை உங்களுக்குத் தெரியும். சர்வீஸ் பில் வரிசையாக இருக்கிறது என்கிறீர்கள், கிலோமீட்டரை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மீட்டர் திருத்தம் பற்றிய பயம் இல்லை. பலவீனம் சட்டம் சார்ந்தது: தன் சொந்தக் காரை ஒரே ஒரு தடவை விற்கிற தனிநபர் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது, அவர் வியாபாரி அல்ல. முக்கியமான பழுதை மறைத்து விற்றால் ஒப்பந்தச் சட்டப்படி சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், தினமும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மேல் யார் வழக்குப் போடுவார்கள்? எனவே விலை பேசும் முன்னாலேயே உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை வைத்துப் பார்த்துவிடுங்கள். விபத்து கிளைம் ஏதாவது உண்டா, வெள்ளத்தில் நின்றதா என்று நேராகக் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். சீட் பெல்ட்டை அடிவரை இழுத்துப் பாருங்கள், வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் மண் கறை அங்கே அடையாளம் காட்டும். கட்டாத அபராதச் சலான், லோன், இன்ஷூரன்ஸ் தேதி எல்லாம் அரசின் பரிவாஹன் இணையதளத்தில் நம்பர் போட்டாலே வந்துவிடும், சேஸிஸ் நம்பரை வண்டியில் பார்த்து ஒத்துப்பாருங்கள்.

பஞ்ச், லோன், ஸ்டார்

டாடா பஞ்ச் 2021-ல், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை அளக்கும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 ஸ்டார், குழந்தைகள் பாதுகாப்புக்கு 4 ஸ்டார் வாங்கியது. அண்ணன் அதைச் சொன்னால் சரி. தகடு கெட்டி என்பதால் ஸ்டார் என்கிறாரே, அது சரியில்லை. 2014-ல் அதே அமைப்பு ஃபோக்ஸ்வேகன் போலோவை ஏர்பேக் இல்லாமல் மோதவிட்டபோது பூஜ்யம் வந்தது, காரின் உடல் கூடு குலையாமல் நின்றும் பூஜ்யம். அதே போலோ இரண்டு ஏர்பேக்கோடு 4 ஸ்டார் வாங்கியது. கூடு, பெல்ட், ஏர்பேக் மூன்றும் சேர்ந்தால்தான் உள்ளே இருக்கிறவர் பிழைப்பார், தகட்டைத் தட்டிப் பார்ப்பதில் எதுவும் தெரியாது. ஸ்டார் என்பது சோதித்த அந்த மாடலுக்கு, அந்த ஆண்டுக்கு உரியது, கம்பெனி முழுவதற்கும் கொடுத்த பட்டம் இல்லை. ஸ்விஃப்ட்டோ ஃபிகோவோ, அந்தக் குறிப்பிட்ட வேரியன்ட்டில் எத்தனை ஏர்பேக் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். பின் சீட்டில் பிள்ளைகளும் அம்மாவும் பெல்ட் போடுவார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டப்படி அது கட்டாயம், ஆயிரம் ரூபாய் அபராதம். என்னிடம் வருகிற கோப்புகளில் பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

லோன் கணக்கில் ஒரு விஷயம். ஆறரை லட்சம், ஏழு வருடம், ஒன்பதரை சதவீத வட்டி என்றால் மாதம் பத்தாயிரத்து அறுநூறு, வட்டி மட்டும் இரண்டே கால் லட்சத்துக்கு மேல். உங்கள் சம்பளத்தில் கால் பங்கு ஏழு வருடத்துக்குப் போகிறது, பிள்ளைகள் மேல்படிப்புக்கு வரும் காலமும் அதுதான். புது காரில் நுகர்வோர் பாதுகாப்பு பலமாக இருக்கிறது என்பது உண்மை: வாரண்டி உண்டு, குறை இருந்தால் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். ஷோரூமில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி வந்தால் எதற்கு என்று கேளுங்கள், அங்கேயே இன்ஷூரன்ஸ் போட வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. விலைப்பட்டியல் 2025 செப்டம்பர் 22-க்கு முந்தையது என்றால் புதிதாக வாங்குங்கள், சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. அன்றிலிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது.

என்னைக் கேட்டால்: அம்மாவை மூன்று காரிலும் ஒரு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். வேகன் ஆரின் உயரமான சீட்டுக்குப் பழகிய முழங்கால், ஸ்விஃப்ட்டிலும் ஃபிகோவிலும் தாழ்ந்து உட்கார்ந்து எழுவதைத் தாங்குமா என்பதை யார் கருத்தும் சொல்லாது. அவருக்கு ஃபிகோ ஒத்துவந்து, மெக்கானிக்கும் சரி என்றால், கடன் இல்லாமல் முடிகிற அந்தக் காரைத்தான் நான் முதலில் வைப்பேன். அம்மாவால் முடியவில்லை என்றால் பஞ்ச், ஆனால் முன்பணத்தைக் கூட்டிக் கடனை நாலைந்து லட்சத்துக்குள் கொண்டுவந்து ஐந்து வருடத்தில் முடியுங்கள், அதற்கு இன்னும் ஒரு வருடம் வேகன் ஆரையே ஓட்டினாலும் பரவாயில்லை. டெல்லி ஸ்விஃப்ட் எனக்குக் கடைசிதான்.

கொடுத்த அட்வான்ஸ்

"திருப்பித் தர மாட்டோம்" என்று வாயால் சொன்னதை நினைத்துத்தான் நீங்கள் ஸ்விஃப்ட் பக்கம் சாய்கிறீர்கள் என்று படுகிறது. இருபதாயிரத்துக்காக நாலு லட்சம் போட வேண்டாம். பழைய வண்டி வியாபாரம் செய்பவர் 2023 ஏப்ரலிலிருந்து ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள். இன்றைக்கே அவருக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: டெல்லி என்.ஓ.சி. நகல், ஆர்.சி. நகல், விற்பவரின் அடையாள நகல் மூன்றையும் ஏழு நாளுக்குள் அனுப்பவும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பவும். காகிதம் காட்டாதவர் அட்வான்ஸை வைத்துக்கொள்ள முடியாது. காகிதம் எல்லாம் சரியாக இருந்து நீங்களாக விலகினால், அவருக்கு நியாயமாக ஏற்பட்ட செலவைக் கழித்துக்கொள்ளலாம், முழுத் தொகையும் போகும் என்று பயப்பட வேண்டியதில்லை. போனில் அனுப்பிய பணத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் அவர் பேசிய மெசேஜ்களையும் அழித்துவிடாதீர்கள். ஏழு நாள் தாண்டியும் பதில் இல்லை என்றால் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான விஷயத்துக்கு அங்கே கட்டணமே இல்லை, வக்கீல் வைக்காமல் நீங்களே போய் நிற்கலாம்.